நார்வேயின் பண்ணை வீட்டு பீர்

இடைக்கால நார்வேயில் பீர் காய்ச்சுவது உழவரின் சட்டக் கடமை. மேற்கு நார்வேயின் குலாத்திங் சட்டப்படி, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து திருநாள் பீர் காய்ச்சத் தவறியவர் சொத்தையே இழக்க நேரிடும்.

பார்லியை முளைகட்டிக் காயவைத்து, ஜூனிப்பர் கிளைகள் கொதித்த வெந்நீரில் ஊறவைத்தார்கள். தொட்டியின் அடியில் பரப்பிய கிளைகளே சாற்றை வடிகட்டின. வோஸ் வட்டாரத்தில் அந்தச் சாற்றைச் செப்பு அண்டாவில் பல மணி நேரம் சுண்டக் காய்ச்சுவது வழக்கம்.

நுரைக்கச் செய்த ஈஸ்ட்டுக்கு 'க்வைக்' என்று பெயர். மரவளையத்தை அதில் தோய்த்து உலர்த்தி, அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டார்கள். கெட்டுப்போனால், உறைமோர் கேட்பதுபோல அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள். மற்ற பீர் ஈஸ்ட்டுகள் தாங்காத 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அது விரைந்து நொதிக்கும்.

கடை ஈஸ்ட் வந்தபின் பல ஊர்களில் க்வைக் அழிந்தது. ஆனால் விடாமல் காத்துவந்த சில பண்ணைக் குடும்பங்களால், இன்று உலகெங்கும் பீர் ஆலைகள் அதைப் பயன்படுத்துகின்றன.