வட்டும் வெளியும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியைக் கண்டிருக்கும் நேயர்கள் அதன் கடைத்தெருவை மறந்திருக்க மாட்டார்கள். மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள். அவற்றின் பின்புறத்தே காயலை நோக்கித் திறக்கும் வாயில்கள். ஒரு லாரி நுழைந்தால் நடந்து செல்வோர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய தெரு. 1555-இல் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, 1663-க்குப் பின் டச்சுக்காரர் புதுக்கியமையால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றுவிட்ட மாளிகையும், 1568-இல் எழுந்த யூதர் ஆலயமும் இத்தெருக்களுக்கு அருகிலேயே உள்ளன. இவ்வூரின் வணிகத்தைப் பற்றி அறிஞர்கள் எழுதியவை மிகப் பல. இவ்வூர்ச் சிறுவர் எங்கே ஓடியாடினர் என்பது பற்றி எழுதியவை மிகச் சில. நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. அதனை ஒரு புதிய விளையாட்டைத் துணையாகக் கொண்டு காண முயல்வோம்.

டிஸ்க் கோல்ஃப் என வழங்கும் அவ்விளையாட்டு எளியது. கையகலத் தட்டு ஒன்றை வீசிப் பறக்கவிட்டு, தொலைவில் ஒரு கம்பத்தின்மீது தொங்கும் சங்கிலிகளில் மோதி அதன் அடியிலுள்ள கூடையில் விழச் செய்ய வேண்டும். முதல் வீச்சில் விழாவிட்டால் தட்டு கிடக்கும் இடத்திலிருந்து மறுபடி வீசலாம். எத்தனை வீச்சில் விழுகிறது என்பதே கணக்கு. குறைந்த எண்ணிக்கை உடையவர் வென்றவர். அகராதிகளில் கோல்ஃப் என்பதற்குக் குழிப்பந்தாட்டம் என்றொரு பெயர் உண்டு. இதிலோ குழியும் இல்லை, பந்தும் இல்லை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்கள் வந்தால் இரண்டு நாள் உறக்கம் கெடும். இறுதியில் வட்டெறி என்று வைத்துக்கொண்டோம். பள்ளிகளில் வட்டு எறிதல் என்று கூறப்படுவது கிரேக்க நாட்டிலிருந்து வந்த வேறொரு போட்டி; அதில் தொலைவுதான் வெற்றி. இதில் குறியே வெற்றி.

வட்டு என்ற சொல்லைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தின் முதற்குறள், நூலறிவு இல்லாமல் அவையில் பேசப் புகுவோனை, கட்டம் வகுத்துக்கொள்ளாமல் காய் உருட்டுவோனுக்கு ஒப்பிடுகிறது. அங்கே காய்க்கு வட்டு என்றும், வகுத்த கட்டத்துக்கு அரங்கு என்றும் பெயர். இடத்தை முதலில் அமைத்துக்கொள்ளாமல் ஆட்டம் இல்லை என்பது அன்றே பலரும் அறிந்த செய்தியாக இருந்தாலன்றி, அது உவமையாகப் பயன்பட்டிராது. கீழடி அகழாய்வு குறித்துத் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் ஆட்டக்காய்களும் இடம்பெற்றுள்ளன. நம் தாய்மாரும் தமக்கைமாரும் வாசலில் கரியால் கோடு கிழித்து ஆடிய சில்லு, அல்லது பாண்டி, இவற்றின் வழிவந்ததே என்று கொள்வதில் தவறில்லை. கோட்டில் படாமல் கட்டத்துக்குள் சில்லை எறிவதே அதன் திறமை. வட்டெறியும் அவ்வளவுதான். கட்டம் தொலைவாகிவிட்டது, சில்லு பறக்கக் கற்றுக்கொண்டது.

பறக்கும் தட்டின் வரலாறு அடுமனையில் தொடங்குவது வேடிக்கை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1871-இல் வில்லியம் ஃபிரிஸ்பி என்பவர் தொடங்கிய பணியாரக் கடையின் தகரத்தட்டுகளை, தின்று முடித்த கல்லூரி மாணவர் வீசி விளையாடினர் என்பர். மறுகரையில், கலிபோர்னியாவின் கடற்கரையில் 1938-இல் பிரெட் மாரிசன் என்னும் இளைஞரும் அவர் மணக்கவிருந்த லூசில் என்பவரும் ஒரு கேக் தட்டை வீசிக்கொண்டிருந்தபோது, வழிப்போக்கர் ஒருவர் அதற்கு இருபத்தைந்து சென்ட் தருவதாகச் சொன்னார். கடையில் அதன் விலை ஐந்து சென்ட். வாணிகம் அங்கே பிறந்தது. மாரிசன் பின்னர் பிளாஸ்டிக்கில் வடித்த தட்டை வாம்-ஓ என்னும் நிறுவனம் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து, ஃபிரிஸ்பி என்று பெயரிட்டது. அதே நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக், தட்டின் மேற்பரப்பில் வரிவரியாக மேடுகள் அமைத்தால் அது தள்ளாடாமல் பறக்கும் என்று கண்டு 1967-இல் காப்புரிமை பெற்றார்.

வீசுவதற்கு இலக்கு வைக்கும் எண்ணம் இவர்களுக்கெல்லாம் முந்தியது. கனடாவின் சஸ்காச்சுவன் மாநிலத்தில் பிளாட்வொர்த் என்ற சிற்றூரில் 1926-ஆம் ஆண்டிலேயே பள்ளிச் சிறுவர் தகர மூடிகளை வீசி, மணலில் வரைந்த வட்டங்களில் விழச் செய்து, அதற்குத் தகரமூடி கோல்ஃப் என்று பெயரும் இட்டிருந்தனர். மைதானமோ பணமோ தேவைப்படாத அந்த ஆட்டம், சிறுவர் வளர்ந்ததும் மறைந்தது. பிற்காலத்தார் மரங்களையும் விளக்குக் கம்பங்களையும் குப்பைத் தொட்டிகளையும் இலக்காகக் கொண்டு ஆடினர். தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்ற வழக்கு எழாத நாளில்லை. 1975-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்து ஓக் குரோவ் பூங்காவில் ஹெட்ரிக் முதன்முதலாக நிலையான ஆட்டக்களம் ஒன்றை அமைத்தபோதும் இலக்குகள் வெறுங்கம்பங்களே. பிறகு அவரும் அவர் மகனும் சங்கிலியும் கூடையும் கொண்ட கம்பத்தை உருவாக்கினர். சங்கிலி ஒலித்துத் தட்டு கூடையில் கிடந்தால் வழக்கு முடிந்தது. ஹெட்ரிக் 2002-இல் காலமானபோது, அவர் விருப்பப்படியே அவரது சாம்பலைக் கலந்து சில தட்டுகள் வார்க்கப்பட்டன. காசியில் கரைப்பதைக் காட்டிலும் விசித்திரமான ஆசை!

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. முதற்களம் சங்கத்தார் வேலியிட்ட நிலத்தில் அமையவில்லை. ஊரார் அனைவருக்கும் உரிய பூங்காவில் அமைந்தது. இன்று உலகெங்கும் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட களங்கள் உள்ளன. பின்லாந்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். அவற்றுள் பெரும்பாலானவற்றில் கட்டணம் இல்லை. குழிப்பந்தாட்டத்தின் கதை இதற்கு நேர்மாறானது. பிரிட்டனுக்கு வெளியே அமைந்த முதற் கோல்ஃப் சங்கம் 1829-இல் கல்கத்தாவில் தோன்றியது. வெள்ளையர் ஆட, உள்ளூரார் பந்து பொறுக்கினர். கொச்சியிலும் காயல் நடுவே போல்காட்டித் தீவில், 1744-இல் டச்சுக்காரர் கட்டி 1909-இல் ஆங்கிலேயர் குத்தகைக்கு எடுத்த மாளிகையைச் சூழ்ந்து குழிப்பந்துக் களம் ஒன்று அமைந்தது. கோல்ஃப் என்ற பெயரே கழியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மொழிநூலார் சிலர்.

இனி மட்டாஞ்சேரிச் சிறுவரிடம் திரும்புவோம். அவர்களுக்கு அருகிலிருந்த பெருவெளி, மேற்கே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரில், கோட்டைக் கொச்சியின் பரேடு மைதானம். 1503-இல் போர்த்துக்கீசியர் இங்கே கோட்டை எழுப்பினர். 1663-இல் டச்சுக்காரர் கைக்கொண்டனர். 1795-இல் ஆங்கிலேயர் வசமாகி, 1806-இல் கோட்டை தகர்க்கப்பட்டது. மூன்று ஆட்சியினரின் படைவீரரும் அணிவகுத்த திடல் மட்டும் எஞ்சியது. அதன் அருகே நிற்பது, வாஸ்கோ ட காமாவை 1524-இல் முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயம். படை நடத்த வேண்டும் என்பதற்காகவே அந்நிலத்தில் எவரும் வீடு கட்ட விடப்படவில்லை. இராணுவத்தின் தேவை, பின்னாளில் குழந்தைகளுக்குக் கிடைத்த கொடையாயிற்று. எந்த அரசரும் நினைத்துச் செய்த அறம் அன்று இது.

ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டர், நிலப்படத்தில் தோன்றுவதைக் காட்டிலும் நீண்டது. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் நாடு. 1896-இல் அவர் ஆட்சியில் அதற்கு நகரசபை ஏற்பட்டது. கோட்டைக் கொச்சியோ ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட மலபார் மாவட்டத்தின் துண்டு, 1866-லேயே நகராட்சி. சென்னையிலிருந்து ஆளப்பட்ட அப்பகுதி, 1956 நவம்பர் 1 வரை சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தே இருந்தது என்பதைக் கேட்கும் நேயர்கள் வியக்கக்கூடும். மட்டாஞ்சேரிப் பிள்ளை ஒருவன் பரேடு மைதானத்துக்குப் போவதென்றால், ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்கு நடந்து செல்வதாகும். எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி ஆகிய மூன்று நகராட்சிகளும் இணைந்து மாநகராட்சியானது 1967-இல்தான். அதன்பின் அத்திடலில் பந்தாட்டமும் ஹாக்கியும் வளர்ந்தன. ரூஃபஸ் டிசூசா என்னும் பயிற்சியாளர் பல பத்தாண்டுகள் அங்கே சிறுவர்களைப் பழக்கியதை ஊரார் நன்றியுடன் நினைவுகூர்வர்.

மற்றொரு திடல் தமிழராகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. கோட்டைக் கொச்சியில் வெளி என்றே ஓர் இடம் உண்டு. மலையாளத்திலும் தமிழிலும் அச்சொல்லுக்குத் திறந்த நிலம் என்பது பொருள், மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அங்கேதான் தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடை வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழியினர் தாங்கள் என்பது அங்கு உழைப்போர் வழங்கும் வரலாறு. 1976-இல் வட்டார வளர்ச்சிக் கழகம் இப்போதைய துறைகளைக் கட்டித் தந்தது. வெயிலில் உலர்த்தும் துணிகளுக்கு அவர்கள் கவ்வி இடுவதில்லை. இரட்டை முறுக்குக் கயிற்றின் இடுக்கில் துணியின் விளிம்பைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்றில் வெள்ளை வேட்டிகள் வரிசையாகப் பறக்கின்றன, ஒன்றும் விழுவதில்லை. உலர்த்துவதற்கு வெளி வேண்டும் என்பதால் அங்கும் நிலம் பிழைத்தது. அதன் அருகிலுள்ள மைதானத்தில் மாலைதோறும் கால்பந்து.

ஆகவே கொச்சியின் இரண்டு வெளிகளும் எஞ்சியது விளையாட்டுக்காக அன்று. ஒன்று துப்பாக்கிக்காக, மற்றொன்று துணிக்காக. விளையாட்டுக்கென்றே ஒதுக்கும் வழக்கம் நம் நகரங்களுக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. வடநாட்டு நகரொன்றில் நாம் குடியிருக்கும் அரசுக் குடியிருப்பின் பூங்காவில் மலர்ப் பாத்திகள் அழகாக இருக்கின்றன. பந்தாடக் கூடாது என்று மூன்று மொழிகளில் பலகையும் இருக்கிறது. பம்பாயிலோ பெங்களூரிலோ வாழும் நேயர்களின் குடியிருப்புகளிலும் அத்தகைய பலகை இருக்கும் என்று ஐயுறுகிறோம்.

வட்டெறியின் நயம் இங்கேதான் தெரிகிறது. அது நிலத்தைத் தனக்கென்று கேட்பதில்லை. மரத்தை வெட்ட வேண்டியதில்லை; மரமே தடையாகி ஆட்டத்துக்குச் சுவை தரும். பரேடு மைதானத்தின் ஓரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைக் கண்டவர்க்கு, அவற்றின் இடைவெளிகள் வழியே தட்டு செல்வதைக் கற்பனை செய்தல் கடினம் அன்று. புதியவர்க்கென ஒரு சிறு களம் என்றால் ஒன்பது இலக்குகள் போதும். ஒவ்வொன்றும் நாற்பது முதல் எழுபது மீட்டர் தொலைவில் இருக்கலாம். சங்கிலிக் கம்பம் விலை மிகுந்ததெனின், மூங்கிற் கூடையைக் கம்பத்தில் கட்டிக்கொள்ளலாம். பிளாட்வொர்த்துச் சிறுவருக்கு அதுவும் இருந்ததில்லை. ஒரு கட்டுப்பாடு மட்டும் கண்டிப்பானது. வழியில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது வீசலாகாது. தட்டு ஏறத்தாழ நூற்றெழுபது கிராம் எடையுடையது. அதன் விளிம்பு கெட்டியானது. பந்தாடும் சிறுவர் நடுவே இதனைப் புகுத்துவதை நாம் ஒப்பமாட்டோம். காலையில் திடல் வெறிச்சோடும் நேரமும் மரநிழல் ஓரமும் இதற்குப் பொருந்தும்.

சென்னைக் கடற்கரையில் இதன் உறவு ஆட்டமான அல்டிமேட் நெடுநாளாக நடைபெறுகிறது. ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடுகின்றனர். நடுவர் இல்லை, தவறு நேர்ந்தால் ஆடுவோரே பேசித் தீர்த்துக்கொள்கின்றனர். ஆனால் அதற்கு ஓட்டம் வேண்டும். வட்டெறிக்கு நடை போதும். அறுபது வயதுத் தாத்தாவும் எட்டு வயதுப் பேத்தியும் சேர்ந்து ஆடத்தக்கது.

முதல்முறை ஆடுவோர் செய்வது பெரும்பாலும் ஒன்றே: தோளின் வலிமையெல்லாம் திரட்டி வீசுவது. தட்டு உடனே சாய்ந்து புதரில் புகும். வேண்டுவது வேகம் அன்று, சுழற்சி. நான்கு விரல்களும் விளிம்பின் அடியில், கட்டைவிரல் மேலே. தட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்து, சமமாக வைத்து, மணிக்கட்டைச் சொடுக்கி விட வேண்டும். பம்பரம் சுழலும்வரை விழாமல் நிற்பது போலவே சுழலும் தட்டும் சாயாமல் பறக்கிறது. வலக்கையால் இவ்வாறு வீசினால் வேகம் குறையும்போது அது இடப்புறம் ஒதுங்கும். ஆதலின் இலக்குக்குச் சற்று வலமாகக் குறிவைக்க வேண்டும்.

கொச்சியில் இன்னொன்றையும் எண்ண வேண்டும். பிற்பகலில் காற்று கடலிலிருந்து, மேற்கிலிருந்து வீசுகிறது. மேற்கு நோக்கி வீசும் தட்டின் முன்விளிம்பு சிறிது தூக்கியிருந்தாலும் காற்று அதை மேலே ஏற்றி, வீசியவர் காலடிக்கே கொண்டுவந்து போடும். தாழ்த்தித்தான் வீச வேண்டும். கிழக்கு நோக்கி, அதாவது மட்டாஞ்சேரிப் பக்கமாக வீசினால் காற்று தட்டைக் கீழே அமுக்கும். அப்போது சற்று உயர்த்தி விடலாம்.