பட்டியலில் இருந்தவர்கள்

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலடியில் நாங்கள் சந்திக்கும் குடும்பங்களில் பலவற்றுக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான், மக்களின் தரவுகள் தவறான கைக்குப் போகாமல் காக்கப் போராடும் மெல்போர்ன் வழக்கறிஞர் ஒருவரையும் அவர் சேர்ந்து தொடங்கிய அமைப்பையும் பற்றி இம்மலரில் எழுதுகிறேன்.

லிசி ஓஷே கூட்டு வழக்குகள் நடத்துபவர். தனியொருவரால் நீதிமன்றப் படி ஏற முடியாத சிறு பாதிப்பும், ஆயிரம் பேர் சேரும்போது வழக்காகிவிடும். தரவு விடயத்தில் இந்த வழி மிகவும் பொருந்தும்.

இணைய உரிமைக்காக 'எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர்ஸ் ஆஸ்திரேலியா' 1994 முதலே இயங்கி வந்தது. 2015இல், யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரத்தைத் தொலைபேசி நிறுவனங்கள் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மறு ஆண்டே 'டிஜிட்டல் ரைட்ஸ் வாட்ச்' பிறந்தது. ஓஷே அதன் நிறுவனர்களில் ஒருவர், தலைமையும் ஏற்றார். மறைகுறியாக்கிய செய்திகளைப் படிக்க உதவுமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 2018 டிசம்பரில் நிறைவேறியபோது, இவ்வமைப்பு உறுதியாக எதிர்த்தது. யாழ்ப்பாணத்துக்கு வாட்ஸ்அப்பில் பேசும் ஒவ்வொருவருக்கும் அது சொந்தப் பிரச்சினை.

இன்னொரு பட்டியலையும் சொல்லியாக வேண்டும். 2014 பெப்ரவரியில் குடிவரவுத் திணைக்களம் இணையத்தில் ஏற்றிய புள்ளிவிவர அறிக்கைக்குள், 9,000க்கும் மேற்பட்டோரின் பெயரும் பிறந்த தேதியும் நாடும் அகப்பட்டுக் கிடந்தன. எல்லோரும் தடுப்பில் இருந்தவர்கள். இலங்கையிலிருந்து படகேறி வந்தோரும் அப்போது தடுப்பில் இருந்தார்கள். எந்த அரசுக்குப் பயந்து ஓடி வந்தார்களோ, அந்த அரசே திறந்து பார்க்கும்படி அது பல நாள் கிடந்தது. இது ஓஷேயின் வழக்கு அல்ல. சிட்னியின் அகதிகள் சட்ட உதவி நிலையம் எல்லோர் சார்பிலும் முறையிட்டது. 2021 ஜனவரியில்தான், முறைப்பாட்டில் பங்கெடுத்த 1,297 பேருக்கு இழப்பீடு வழங்கும்படி தனியுரிமை ஆணையர் தீர்மானித்தார். ஏழு ஆண்டு! அத்தனை காலமும் அந்தக் கோப்பு யார் கையில் இருந்ததோ என்ற பயத்துக்கு எந்தத் தொகை ஈடாகும்?

2022இல் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனம், மெடிபேங்க் மருத்துவக் காப்புறுதி நிறுவனம் ஆகியவற்றின் தரவுகள் களவு போன பிறகே நாடு விழித்தது. தனியுரிமையைக் கடுமையாக மீறியவர்மீது நேரடியாக வழக்குத் தொடரும் உரிமை 2025 ஜூன் 10 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆனால் ஆண்டு வருமானம் 30 லட்சம் டாலரைத் தாண்டாத பெரும்பாலான சிறு நிறுவனங்களும் சங்கங்களும் 1988ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. எங்கள் ஊர்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் அநேகமாக அதில் அடங்கும். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும், வகுப்புக்குப் பிள்ளையின் பிறந்த நாளும் கைப்பேசி எண்ணும் வாங்கி வைக்கிறோம். அவற்றை யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.