இருமாவும் கணிப்பொறியும்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் நிற்கும்போதெல்லாம் சோழரின் நிலக்கணக்கே என் நினைவுக்கு வரும். இராசேந்திரன் அந்நகரை அமைக்குமுன்னரே, அவன் தந்தை இராசராசன் நாட்டு நிலங்களை அளப்பித்தான். வரி நிலத்தைப் பொறுத்தது. ஆதலின் அளவு வேலியின் மிகச் சிறு பின்னம்வரை சென்றது. காணி 1/80, முந்திரி 1/320, கீழ்முந்திரி, முந்திரியில் 1/320.

அக்கணக்கில் பத்திலொன்று ‘இருமா’; குறைவற எழுதலாம். கணிப்பொறியோ பின்னங்களைப் பெரும்பாலும் இரண்டின் அடுக்குகளால் அமைப்பது. இருமாவை முழுதும் எழுத அதற்கு இயலாது. பத்து இருமாக்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால், ஒன்றுக்கு மயிரிழை குறையும். ‘விடை ஒன்றேதானா?’ என மென்பொருளைச் சோதிப்பவர், செம்மையான நிரலையும் பிழையென்று தள்ளிவிடுவர். ‘வேறுபாடு ஒரு கீழ்முந்திரிக்குள் அடங்குமா?’ என்பது போன்றதே தக்க வினா.

இதனால் கணிப்பொறியை இகழேன். மூன்றிலொன்றை முந்திரியாலும் முடிக்க இயலாது. பொறுக்கத்தக்க குறை எவ்வளவென முன்னரே வரையறுப்பதே கணக்கின் நேர்மை.