களைப்புக்குப் பெயர் கிடைத்த வருடம்

நர்சிங் மாணவிகளின் கேர் பிளான் நோட்டைப் புரட்டினால் ரெண்டு வார்த்தைகள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று ஃபட்டீக், இன்னொன்று ஆக்டிவிட்டி இன்டாலரன்ஸ். நான் பார்த்த பல நோட்டுகளில் ரெண்டுக்கும் ஒரே திட்டம்தான் எழுதியிருக்கு: ஓய்வு கொடு, சத்தான உணவு கொடு, தைரியம் சொல். அப்படின்னா எதுக்கு ரெண்டு பெயர்? அதைத் தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலில் இருந்து தொடங்குவதுதான் வழக்கம், ஆனால் நம்ம விஷயத்தில் அதுக்குத் தனிக் காரணம் உண்டு. கிரிமியப் போரின்போது 1855ல் அவருக்கு வந்த காய்ச்சல் அவரை முழுசாக விடவேயில்லை. 1857க்குப் பிறகு பல வருடங்கள் கட்டிலிலும் சாய்வு இருக்கையிலும் கிடந்தபடியேதான் அவ்வளவு அறிக்கைகளையும் எழுதினார். அது புரூசெல்லோசிஸ் என்ற நாள்பட்ட தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1995ல் ஒரு ஆய்வாளர் வாதிட்டார். அப்படிப்பட்டவர் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' புத்தகத்தில், நோயாளி எதனால் களைத்துப் போகிறார் என்பது நுணுக்கமாக வருது. கதவுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசுவது. தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு பேசுவது. யார் வருவார், எப்போது வருவார் என்று தெரியாமல் காக்க வைப்பது. உடம்பை வருத்திச் செய்யும் வேலையைவிட இந்தக் காத்திருப்புதான் அதிகம் கெடுக்கும் என்கிறார். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் கவனிப்பு நடக்கும்படி எப்படி ஏற்பாடு செய்வது என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறார். கேர் பிளான் என்ற பெயர் மட்டும்தான் இல்லை.

அடுத்த தலைமுறை வேறு பக்கம் போயிடுச்சு. பிலடெல்பியாவின் வெயர் மிட்செல் என்ற நரம்பு மருத்துவர், 1870களில் 'ரெஸ்ட் க்யூர்' என்ற சிகிச்சையைப் பிரபலமாக்கினார். களைப்பு என்று வரும் பெண்களை ஆறு முதல் எட்டு வாரம் கட்டிலில் படுக்க வைக்கணும். பால், மசாஜ், மின்சாரத் தூண்டல் உண்டு. படிப்பு, எழுத்து, தையல் எதுவும் கிடையாது. சாப்பாடு ஊட்டுவது வரைக்கும் நர்ஸ்தான். 1887ல் இதற்கு ஆளான சார்லட் பெர்கின்ஸ் கில்மன், 1892ல் 'தி யெல்லோ வால்பேப்பர்' கதையில் அந்த அறையை உலகத்துக்கே காட்டிவிட்டார்.

படுக்கையே மருந்து என்ற நம்பிக்கையை மருத்துவ உலகத்துக்குள்ளிருந்தே உரக்கக் கேலி செய்தவர் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர். 1947ல் அவர் எழுதிய கட்டுரை, சும்மா படுத்திருப்பதால் வரும் கேடுகளை உறுப்பு உறுப்பாகச் சொல்லும்: ரத்தக் கட்டி, படுக்கைப்புண், எலும்பிலிருந்து கரையும் கால்சியம், சிறுநீரகக் கல், மலச்சிக்கல். (மஞ்சௌசன் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தவரும் இவரே.)

இனி சிகாகோவின் மைரா லெவின். மருத்துவ-அறுவை நர்சிங்கைப் பாடமாக ஒழுங்குபடுத்தப் போனவர் அவர். 1960களில் நான்கு 'காத்தல்' கொள்கைகளை முன்வைத்தார், அதில் முதலாவது சக்தியைக் காத்தல். காத்தல்னா படுத்துக் கிடப்பது இல்லை, வரவுக்கும் செலவுக்கும் கணக்குப் பார்ப்பது. வீட்டு பட்ஜெட் போடுகிற யாருக்கும் இது உடனே புரியும்.

1973ல் செயின்ட் லூயிஸ் நகரில் அமெரிக்க நர்ஸ்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். டாக்டர் சொல்லும் நோயின் பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும், நாங்கள் கவனிக்கும் பிரச்சினைக்கு எங்கள் பெயர் வேண்டும் என்பதுதான் பேச்சு. அதிலிருந்து 1982ல் நாண்டா அமைப்பு பிறந்தது. அதே வருடம் ஆக்டிவிட்டி இன்டாலரன்ஸ் பட்டியலில் ஏறியது. ஃபட்டீக் ஏறியது 1988ல்.

இந்த ஆறு வருட இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுது. முதலாவதை நர்ஸ் பெருமளவு தானே அளக்கலாம். நோயாளியை நடக்கவிட்டு நாடி, ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு பார்த்தால் தெரிஞ்சுடும். இரண்டாவது அப்படியில்லை. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி இது, நாடி சரியாகவே இருக்கும். அவர் சொன்னால்தான் உண்டு, நர்ஸ் நம்பினால்தான் சார்ட்டில் ஏறும். சுழியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பது அந்தச் சொல்லை எண்ணாக்கும் முயற்சி. ஏழோ அதற்கு மேலோ போனால் கடுமை.

பெயர் கிடைத்த கையோடு திட்டமும் மாறியது. கீமோதெரபி எடுக்கும் 45 பெண்களிடம் நடத்திய சோதனையை மெக்விகர், வின்னிங்ஹாம், நிக்கல் 1989ல் வெளியிட்டார்கள். பத்து வாரம், வாரத்துக்கு மூணு தடவை உடற்பயிற்சி சைக்கிள் மிதித்தவர்களின் உடல்திறன் கூடியது. 1997ல் விக்டோரியா மாக் குழு, கதிர்வீச்சு சிகிச்சையின்போது நடைபயிற்சி செய்தவர்களுக்குக் களைப்பு குறைவதைக் காட்டியது. ஓய்வெடுங்கம்மா என்று சொல்லி வந்த வார்டுகளுக்கு இது தலைகீழ்.

ஆனால் அதையும் எல்லோருக்கும் போட முடியாது. எம்.இ. என்கிற நாள்பட்ட களைப்பு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை, பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007ல் பரிந்துரைத்தது. நோயாளிகள் வருஷக்கணக்காக எதிர்த்தார்கள். 2021ல் அதே அமைப்பு அதை நீக்கிவிட்டு, அவரவர் சக்தி எல்லைக்குள் நாளை வகுத்துக்கொள்வதை முன்வைத்தது. இந்த நோயில் செய்த வேலைக்கான தண்டனை பல நேரம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். நடந்து முடித்ததும் நாடி பிடித்துப் பார்க்கிற நர்ஸுக்கு அது பிடிபடாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய்க் கேட்டாகணும்.