கூதலில் செத்த மாடுகள்: படுவான்கரையின் மாரிகாலம் பற்றி ஒரு குறிப்பு

பனி எண்டு சொன்னா வெல்லாவெளியில அது மார்கழி, தை விடியப்புறத்தில வயல்வெளியை மூடிக்கிடக்கிற புகார்தான். வெயில் ஏற அது போயிடும். ஸ்காபரோவில இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கு பனி வேற. அங்க அதை 'ஸ்னோ' எண்டுதான் சொல்லுவாங்க. அது கொட்டும், வாசலை மறிக்கும், காரைப் புதைக்கும். ஆனாலும் அடுத்த நாள் சனம் வேலைக்குப் போகும். ஏனெண்டா வழிக்கிற வாகனம் இருக்கு, வீதிக்குப் போட உப்பு இருக்கு, வீட்டுக்குள்ள சூடு இருக்கு. அப்படிப்பட்ட ரொறொன்ரோவே 1999 ஜனவரியில திணறிப்போச்சு. தொடர்ந்து கொட்டின பனியைச் சமாளிக்க ஏலாமல் மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். பனிக்குப் பழகின ஊரே பழகின அளவைத் தாண்டினா தடுமாறும். அப்ப பழகவே இல்லாத ஒண்டு வந்தா? படுவான்கரைக்கு அப்படி வந்தது கூதல். அதைப் பற்றிப் பேச முதல் எங்கட மாரியின்ர கதையைக் கொஞ்சம் பார்க்கவேணும்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. வெல்லாவெளி படுவான்கரையில, போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் இருக்கிற இடம். எழுவான்கரையில கடலோரமா ஊர்கள் நெருங்கிக் கிடக்கும். எங்கட பக்கம் வயலும் குளமும் காடும். களுவாஞ்சிகுடிப் பக்கம் போக பட்டிருப்புப் பாலம். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில காலங்காலமா ஓடம். வருஷ மழையில பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும்தான் விழும். எங்கட தலைக்கு மேல பெய்யிற மழை ஒரு பங்கு எண்டா, மேற்கே பெய்து நவகிரி ஆற்றுப் பக்கமா வாற தண்ணி இன்னொரு பங்கு. நவகிரிக் குளத்தின்ர வான்கதவு திறந்தாச்சு எண்டு அறிவிச்சாலே வயற்காரருக்கு நெஞ்சு பதறும். வெல்லாவெளி - மண்டூர் வீதியில தண்ணி ஏறினா, அங்கால பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தூரமாப் போயிடும்.

இந்த வெள்ளத்துக்கு எங்கட ஆக்களிட்ட ஒழுங்கு இருந்தது. வட்டைக்கு ஒரு வட்டவிதானை இருப்பார், எந்த வாய்க்காலை எப்ப அடைக்கிற, எப்ப வெட்டிவிடுற எண்டது அவருக்குத் தெரியும். வயல் வாடி மேட்டில இருக்கும். எல்லாத்துக்கும் பெரிய ஒழுங்கு ஆற்றுவாய் வெட்டுறது. வாவி கடலோட சேருற முகத்துவாரத்தை வருஷத்தில பல மாதம் மணல் அடைச்சுக் கிடக்கும். மாரியில தண்ணி ஏற ஏற, அந்த மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு வழி விடவேணும். நேரத்தோட வெட்டினா வாவித் தண்ணி இறங்கி மீனும் இறாலும் போயிடும் எண்டு மீன்பிடிக்காரர் சொல்லுவாங்க. பிந்தினா வேளாண்மை அழுகிடும் எண்டு வெள்ளாமைக்காரர் சொல்லுவாங்க. இந்த இழுபறி இண்டைக்கும் முடியேல்ல. ஆனா வெள்ளம் வரும், அது வந்தா பேசி ஒரு முடிவு எடுக்கவேணும் எண்டது எல்லாருக்கும் தெரிஞ்சது.

காற்றுக்கு அப்படி ஒரு ஒழுங்கு இருக்கேல்ல. 1907 மார்ச்சில மட்டக்களப்பை ஒரு சூறாவளி அடிச்சது. அடுத்த பெரிய அடி வர எழுபது வருஷத்துக்கு மேல போச்சு. இடையில ரெண்டு தலைமுறை வந்திட்டுது. 1978 நவம்பர் 23 இரவு அது வந்தது. இண்டைக்கும் மட்டக்களப்பில வயசு போனவங்களிட்ட வயசு கேட்டா, "சூறாவளிக்கு முந்தி" எண்டோ "சூறாவளிக்குப் பிந்தி" எண்டோதான் கணக்கு வரும். அந்த இரவில நாட்டில ஆயிரத்துக்குக் கிட்ட உயிர் போச்சு. பாதிக்கப்பட்டவங்கள் 10 இலட்சத்துக்கும் மேல். உடைஞ்சதும் சேதப்பட்டதுமா வீடுகள் ஏறத்தாழ 2,50,000. மட்டக்களப்பு மாவட்டத்தில இருந்த நெல் களஞ்சியம் 11 இல 9 அழிஞ்சது. மீன்பிடி வள்ளங்களில ஐந்தில ஒரு பங்கு போச்சு. ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னையில பத்துக்கு ஒன்பது பங்கு விழுந்தது. அடுத்த நாள் அதே சூறாவளி தமிழ்நாட்டின்ர இராமநாதபுரக் கரையையும் தொட்டது.

இதில தென்னங்கணக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நெல் அழிஞ்சா அடுத்த போகம் விதைக்கலாம். தென்னை நட்டா காய்க்க ஐந்தாறு வருஷமாவது வேணும், நல்லாக் காய்க்க இன்னும் கூட. ஒரு இரவு அடிச்ச காற்றின்ர விலையை அடுத்த பத்து வருஷமும் சனம் கட்டினது. அந்தப் பத்து வருஷத்துக்குள்ளதான் யுத்தமும் வந்தது. அதனால சூறாவளியில இருந்து மட்டக்களப்பு முழுசா எழும்பினது எப்ப எண்டு பிரிச்சுச் சொல்லவே ஏலாது.

மறுகா 2011 ஜனவரி. 2007 சண்டையில இடம்பெயர்ந்து திரும்பி வந்த படுவான்கரைச் சனம் வீடு, வயல் எண்டு திரும்பத் தொடங்கின நேரம். வெட்டுக்குக் கிட்ட நிண்ட பெரும்போக வேளாண்மை வெள்ளத்தில போச்சு. பெப்ரவரியில வெள்ளம் இன்னொருக்கா வந்தது. ஜனவரி வெள்ளத்தில மட்டும் பாதிக்கப்பட்டவங்கள் 10 இலட்சத்துக்கு மேல், பெரும்பாலும் கிழக்கு மாகாணத்தில.

வெள்ளம், காற்று ரெண்டுக்கும் எங்களிட்ட நினைவு இருக்கு, பேர் இருக்கு, திகதி இருக்கு. ஆனா 2022 டிசம்பரில வந்தது வேற சாதி. மண்டூஸ் எண்ட புயல் வங்காள விரிகுடாவால போய், டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்துக்குக் கிட்ட கரையைக் கடந்தது. எங்கட கரையில அது ஏறவே இல்ல. அது இழுத்து விட்ட குளிர்காற்றும் மழையும்தான் வந்தது. ரெண்டு மூண்டு நாளைக்குள்ள வடக்கு கிழக்கில ஆயிரத்துக்கும் மேல மாடு, எருமை, ஆடு செத்துப்போச்சு. என்ன நோய், யாரும் நஞ்சு வைச்சாங்களோ எண்டெல்லாம் முதல்ல கதை அடிபட்டது. கடைசியில கால்நடை வைத்தியர்கள் சொன்னது ஒரே காரணம்: கூதல்.

நம்புறது கஷ்டம்தான். குளிர் எங்களுக்கு எப்பவும் நல்ல சாமான். வைகாசியில கண்ணகி அம்மன் கோயில்கள்ல நடக்கிறது திருக்குளிர்த்தி. வெக்கையும் அம்மை நோயும் தணிஞ்சு ஊர் குளிரவேணும் எண்டுதான் அந்தச் சடங்கு. மழை கேட்டுப் பாட மழைக்காவியம் எண்டே ஒண்டு இருக்கு. மனம் குளிரும், வயிறு குளிரும், கண் குளிரும். குளிர் கொல்லும் எண்டு நினைக்க எங்கட பேச்சே எங்களைப் பழக்கேல்ல.

ஆனா தமிழுக்கு இது தெரியாத விஷயம் இல்ல. பத்துப்பாட்டில ஒண்டான நெடுநல்வாடை தொடங்குறதே இந்தக் காட்சியோடதான். மழை விடாமல் பெய்ய, இடையர் வெள்ளத்துக்குப் பயந்து மாட்டை மேட்டுநிலத்துக்குக் கொண்டு போறாங்க, நெருப்பில கை காய்ச்சி நடுங்குறாங்க. விலங்குகள் மேய மறக்குது, பறவைகள் விழுது, கறவை மாடு கண்டை உதைச்சுத் தள்ளுது. நக்கீரர் பேரில இருக்கிற அந்தப் பாட்டில ஒரு பட்டிக்காரனுக்குத் தெரியவேண்டிய அறிகுறி எல்லாம் இருக்கு.

பனி கொட்டாத ஊரில மாடு எப்படிக் குளிரில சாகும்? நல்ல அடர்த்தியான, காய்ஞ்ச குளிர்கால மயிரோட இருக்கிற மாடு பூச்சியத்துக்குக் கீழ 8 பாகை செல்சியஸ் வரைக்கும் பெரிசாச் சிரமப்படாது எண்டு குளிர்நாட்டுக் கால்நடைக்காரர் கணக்கு வைச்சிருக்காங்க. அதே மாடு தோல் வரைக்கும் நனைஞ்சா, 15 பாகையிலயே உடம்புச் சூட்டைக் காப்பாத்தப் போராடத் தொடங்கும். எங்கட நாட்டு மாடு வெக்கைக்கு ஏத்தபடி வந்தது. மயிர் கட்டை, தோல் மெல்லிசு, கழுத்துக்குக் கீழ தொங்குற தாடை, உடம்பில கொழுப்புக் குறைவு. வெயிலில அதைக் காப்பாத்துற அத்தனையும் நனைஞ்சு காற்றடிக்கிற நேரம் அதுக்கு எதிரா நிக்கும். வயிறு காலியா, நிக்கிறது சேத்தில எண்டா ரெண்டு இரவு காணும்.

இதில வரலாறு எங்க வருது எண்டா, அந்த மாடு அந்த நேரத்தில எங்க நிக்குது எண்ட கேள்வியில. பெரும்போகம் விதைச்சா வயலுக்குள்ள மாடு நிக்க ஏலாது. பட்டிக்காரர் மாட்டை மேற்கே காட்டோரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்ச்சுக் கொண்டு போவாங்க. வெட்டு முடியத்தான் திரும்பக் கொண்டு வருவாங்க. வெள்ளாமைக்கும் மாட்டுக்கும் சண்டை வராமல் இருக்க முன்னோர் வைச்ச நல்ல ஒழுங்கு அது. ஆனா அதே ஒழுங்கால, மழையும் கூதலும் உச்சத்தில நிக்கிற மாதங்கள்ல மாடு வீட்டுக்கு ஆகத் தூரத்தில, கூரை இல்லாத பட்டியில நிக்கும். அந்தக் காலத்தில அடர்ந்த காடு காற்றை மறிச்சது, மேடு பார்த்து ஒதுங்க இடம் இருந்தது. யுத்த காலத்தில அங்க போறதே உயிர் ஆபத்து. யுத்தம் முடிஞ்ச பிறகு தரையே சுருங்குது. மாவட்டத்தின்ர மேற்கெல்லையில மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில அத்துமீறிப் பயிர் செய்யிறாங்க எண்டு பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில சித்தாண்டியில தொடங்கின போராட்டம் எல்லாருக்கும் தெரியும். நிலப் பிரச்சினையா மட்டும் அதைப் பார்க்கிறோம். ஒதுங்க இடமில்லாத மாடு கூதலில முதல்ல விழும் எண்டதால அது காலநிலைப் பிரச்சினையும்தான்.

இந்த விஷயத்தில எங்களுக்குப் பாடம் சொல்லக்கூடிய நாடு மொங்கோலியா. அங்க மாரியில மந்தை கூட்டமாச் சாகிறதுக்கு 'சூட்' எண்டு ஒரு சொல்லே இருக்கு. அதிலயும் வகை இருக்கு. பனி ஆழமா மூடிப் புல்லை மறைச்சா வெள்ளை சூட். உருகின பனி திரும்ப உறைஞ்சு புல்லுக்கு மேல பூட்டுப் போட்டா இரும்பு சூட். பனியே விழாமல் மந்தை தண்ணிக்குத் தவிச்சா கறுப்பு சூட். பேர் வைச்சதால அதுக்கு ஏத்த தயாரிப்பும் வந்தது. காற்று மறைவான பள்ளத்தாக்கில மாரிப் பட்டி, நிலத்தில காய்ஞ்ச சாணத்தால மெத்தை, முதலே அறுத்து வைச்ச புல், நிலைமை மோசமானா மந்தையைத் தூர இடத்துக்குச் சாய்க்கிற 'ஒத்தோர்' எண்ட வழக்கம். சோஷலிச காலத்தில கூட்டுப்பண்ணைகளும் அரசின்ர அவசரத் தீவனக் கையிருப்பும் இருந்தது. 1990களில அது குலைஞ்சது. 1999 தொடக்கம் 2002 வரை தொடர்ந்து வந்த சூட்டில பெருத்த இழப்பு. 2009 - 2010 மாரியில மட்டும் செத்தது 80 இலட்சத்துக்கு மேல், நாட்டின்ர மந்தையில ஏறத்தாழ ஐந்தில ஒரு பங்கு. அங்க பனி எப்பவும் இருந்தது, ஒழுங்கு குலைஞ்ச பிறகு சாவு கூடினது.

2006 இல அவங்க ஒரு காப்புறுதி தொடங்கினாங்க. ஒவ்வொரு மாடும் செத்ததை ஆள் நிரூபிக்கத் தேவையில்ல. அந்தப் பிரதேசத்தில சாவு வீதம் குறிச்ச அளவைத் தாண்டினா, காப்புறுதி எடுத்த எல்லாருக்கும் பணம் போகும். காட்டுக்குள்ள செத்த மாட்டுக்கு அத்தாட்சி தேடி அலைஞ்ச எங்கட பட்டிக்காரருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் எண்டு விளங்கும்.

வெல்லாவெளிக்குப் பனி வராது. கூதல் திரும்ப வரும். செய்ய வேண்டியது ஒண்டும் பெரிய வித்தை இல்ல. சூடடிச்ச பிறகு வயலில எரிக்கிற வைக்கோலில ஒரு பங்கைப் போராக் கட்டி மாரிப் பட்டிக்குப் பக்கத்தில வைக்கலாம். பட்டியை மேட்டில போட்டு, வாடைக்காற்று வாற பக்கம் கிடுகாலயோ மரத்தாலயோ மறிக்கலாம். கண்டையும் கிழட்டு மாட்டையும் ஐப்பசியிலயே வீட்டுப்பக்கம் வைச்சுக்கொள்ளலாம். புயல் எச்சரிக்கை கடலுக்குப் போறவங்களுக்குச் சொல்லப்படுற மாதிரி காட்டில நிக்கிற பட்டிக்காரருக்கும் போய்ச் சேரவேணும். இவ்வளவும் செய்தாலும் ஒதுங்கத் தரை வேணும். மேய்ச்சல் தரையை எல்லை போட்டு வர்த்தமானியில அறிவிக்கச் சொல்லிப் பண்ணையாளர் கேக்கிறது அதுக்காகத்தான். அடுத்த மார்கழிக்கு முதல் அது நடக்கவேணும்.