குண்டு பல்பின் இரண்டு விலைகள்

இழை விளக்கை ஒழிக்க உலக நாடுகள் பலவும் சட்டத்தின் துணையை நாடின. 2007இல் ஆஸ்திரேலியா தன் முடிவை அறிவித்தது. 2009 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து விலக்கியது. இந்தியாவில் சில மாநிலங்கள் தத்தம் அளவில் ஆணைகள் பிறப்பித்தனவே தவிர, நாடு முழுமைக்குமான தடைச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்திய வீடுகளில் எரிந்த குண்டு பல்பு, பத்தே ஆண்டுகளில் பெரும்பாலும் பின்வாங்கிவிட்டது. தடையின்றி நிகழ்ந்த இந்த மாற்றத்தைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று சுருக்கிக் கூறுவது வழக்கம். ஆனால் அதன் வரலாறு, விளக்கின் விலையை யார் சுமப்பது என்ற கேள்வியின் வரலாறாகவே அமைந்துள்ளது.

குண்டு பல்புக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று வாங்கும் விலை. மற்றொன்று எரிக்கும் விலை. டங்ஸ்டன் இழையை வெண்சூடாக்கி ஒளி பெறும் இவ்விளக்கு, தான் உண்ணும் மின்சாரத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை மட்டுமே ஒளியாக்குகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. 60 வாட் பல்பு ஒன்று தன் வாழ்நாளான 1,000 மணி நேரத்தில் 60 யூனிட் மின்சாரத்தைச் செலவிடும். யூனிட் 4 ரூபாய் எனக் கொண்டால் அது 240 ரூபாய். பல்பின் கடை விலையோ 10 முதல் 15 ரூபாய். கையில் ரொக்கம் இல்லாத குடும்பம் மலிவான பல்பையே வாங்க இயலும். அதன் பிறகு மாதந்தோறும் கட்டணமாகப் பன்மடங்கு செலுத்தும். முதலில் சிறு தொகையும் பின்னர் பெருந்தொகையும் கேட்கும் இந்த அமைப்பே குண்டு பல்பின் நீண்ட ஆயுளுக்கு அடிப்படை.

தொடக்கத்தில் இக்கேள்வி எழவில்லை. ஏனெனில் மின்விளக்கு அன்று ஏழையின் பொருளன்று. கல்கத்தாவில் 1879இல் மின்னொளி காட்சிப்படுத்தப்பட்டது. 1897இல் டார்ஜிலிங் அருகே சித்ராபோங் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1899இல் கல்கத்தாவில் அனல்மின் வழங்கல் தொடங்கியது. 1905இல் பெங்களூரின் தெருக்கள் சிவசமுத்திரத்து நீர்மின்சாரத்தால் ஒளி பெற்றன. ஆட்சியாளரின் மாளிகை, ஆலை, மன்றம், நகரின் முதன்மைத் தெரு என்ற வரிசையிலேயே மின்னொளி பரவியது. பிரிட்டனில் வழங்கிய 22 மில்லிமீட்டர் இரு முள் ஹோல்டர் அக்காலத்தில் இந்தியச் சுவர்களில் நிலைபெற்றது. பின்னாளில் வந்த சி.எஃப்.எல்., எல்.இ.டி. விளக்குகள் வீட்டின் கம்பியமைப்பை மாற்றாமலேயே பழைய பல்பின் இடத்தில் அமர முடிந்ததற்கு இந்த ஹோல்டரே காரணம்.

1924இல் ஜெனீவாவை மையமாகக் கொண்டு ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெருநிறுவனங்கள் ஃபீபஸ் என்னும் கூட்டமைப்பை உருவாக்கின. சந்தையைப் பங்கிட்டுக்கொண்டதோடு, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்திற்குள் நிறுத்துமாறு உறுப்பினர்களை அது கட்டாயப்படுத்தியது. மீறியோர் அபராதம் செலுத்தினர். பிரகாசமும் நீண்ட ஆயுளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற இயற்பியல் நியாயமும் இதில் உண்டு. அடிக்கடி வாங்கச் செய்யும் வணிக நோக்கமும் உண்டு. கூட்டமைப்பு மறைந்த பின்னரும் 1,000 மணி நேரம் என்ற அளவு நிலைத்தது. சுதந்திர இந்தியாவின் தர நிர்ணயமும் அதையே ஏற்றுக்கொண்டது.

இதே காலத்தில் பல்பு சுதேசித் தொழிலின் அடையாளமாகவும் உருவெடுத்தது. 1932இல் கல்கத்தாவில் பெங்கால் லேம்ப் தோன்றியது. 1936இல் மைசூர் அரசின் முயற்சியால் பெங்களூரில் மைசூர் லேம்ப் நிறுவப்பட்டது. 1938இல் பிலிப்ஸ் கல்கத்தாவில் தன் ஆலையைத் தொடங்கியது. எல்.இ.டி.யின் வருகையே சுதேசிப் பல்பு ஆலைகளை அழித்தது என்ற கருத்து இன்று பரவலாக உள்ளது. ஆண்டுகள் அக்கருத்துக்கு இடம் தரவில்லை. பெங்கால் லேம்ப் 1989இலும் மைசூர் லேம்ப் 2003இலும் மூடப்பட்டன. அப்போது இந்தியச் சந்தையில் குண்டு பல்பே கோலோச்சியது. ஆகவே அவற்றின் வீழ்ச்சிக்கான காரணங்களை நிர்வாகத்திலும் போட்டியிலும் தொழிலுறவுகளிலும் தேட வேண்டுமேயன்றி, பின்னர் வந்த தொழில்நுட்பத்தின் மீது சுமத்தலாகாது.

குண்டு பல்பு ஏழையின் வீட்டை அடைந்தது அரசுத் திட்டங்களின் வழியே. கர்நாடகத்தின் பாக்ய ஜோதி, தமிழ்நாட்டின் குடிசை மின் இணைப்பு, 1988-89இல் மத்திய அரசு தொடங்கிய குடீர் ஜோதி ஆகியவை ஒரு குடிசைக்கு ஒரு விளக்கு என்ற அளவையே மின்வசதியின் இலக்கணமாகக் கொண்டன. பல இடங்களில் மீட்டர் பொருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் குடிசை இணைப்பு இலவசமாகவே வழங்கப்பட்டது. இதனால் எரிக்கும் விலையின் சுமை நுகர்வோரிடமிருந்து மின்வாரியத்திற்கு இடம்பெயர்ந்தது. குடிசைவாசி வாங்கும் விலையை மட்டும் கொடுத்தார். மாலை நேர உச்சத் தேவையின்போது வாரியம் மிகுந்த செலவில் பெற்ற மின்சாரத்தின் பெரும்பகுதி பல்புகளில் வெப்பமாகக் கரைந்தது.

அந்த ஒற்றைப் பல்பும் முழு ஒளி தந்ததில்லை. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் இழை விளக்கின் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். மாலையில் மங்கலாக எரிந்த பல்பு, நள்ளிரவில் அழுத்தம் ஏறும்போது இழை அறுந்து போவதும் வழக்கமாயிருந்தது. கிராமத்தின் கடைசி மின்கம்பத்தை ஒட்டிய வீடுகளே, அதாவது பெரும்பாலும் ஊரின் விளிம்பில் வாழ்ந்தோரே, இதை அதிகம் அனுபவித்தனர்.

2001இல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2002இல் எரிசக்தித் திறன் வாரியம் அமைக்கப்பட்ட பின்னரே இரு விலைகளையும் ஒன்றாக எண்ணும் முயற்சி தொடங்கியது. 2009 பிப்ரவரியில் பசத் லேம்ப் யோஜனா அறிமுகமானது. கடையில் 80 முதல் 100 ரூபாய் வரை விற்ற சி.எஃப்.எல். விளக்கு, குண்டு பல்பைக் கொடுப்போருக்கு 15 ரூபாய்க்குக் கிடைக்கும். எஞ்சிய தொகையைக் கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை மேம்பாட்டு ஏற்பாட்டின்கீழ்க் கரிம வரவுகளை விற்று ஈடுகட்டுவது என்பது திட்டம். இந்திய வீட்டு விளக்கின் விலையை ஐரோப்பியத் தொழிற்சாலை சுமக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. சுமார் 40 கோடி குண்டு பல்புகளை மாற்றும் நோக்கோடு தொடங்கிய திட்டம் 3 கோடி விளக்குகளைக்கூட எட்டவில்லை. 2008இல் டன்னுக்கு 20 யூரோவைத் தாண்டியிருந்த கரிம வரவின் விலை, 2012 இறுதியில் 1 யூரோவுக்கும் கீழே சரிந்தது. வாங்கும் விலையை ஏற்க வேண்டிய மூன்றாம் தரப்பு விலகிக்கொண்டதும் திட்டம் நின்றது. சி.எஃப்.எல். விளக்கினுள் இருந்த சில மில்லிகிராம் பாதரசத்தை உடைந்த பின் எங்கே கொட்டுவது என்ற வினாவும் விடையின்றியே நின்றது.

நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் என்னும் பொதுத்துறைக் கூட்டு நிறுவனம் புதுச்சேரியில் எல்.இ.டி. வழங்கலைச் சோதித்துப் பார்த்தது. அப்போது ஒரு விளக்கின் கொள்முதல் விலை 310 ரூபாய்; நுகர்வோர் கொடுத்தது 10 ரூபாய். 2015 ஜனவரியில் திட்டம் நாடெங்கும் விரிந்து, பின்னர் உஜாலா எனப் பெயர் பெற்றது. பல மாநிலங்களில் 10 ரூபாய் முன்பணமும் மாதந்தோறும் மின்கட்டணத்தோடு 10 ரூபாயும் செலுத்தும் தவணை முறை பின்பற்றப்பட்டது. எரிப்பதில் மிச்சமாகும் பணமே வாங்கும் விலையை அடைக்கும் என்பது இதன் தருக்கம். மத்திய அரசின் மானியம் இதில் இல்லை.

ஏலம்தோறும் கோடிக்கணக்கில் ஒரே நிறுவனம் கொள்முதல் செய்ததால், 2016இல் 9 வாட் விளக்கின் கொள்முதல் விலை 38 ரூபாயாகக் குறைந்தது. மக்களுக்கு அது 70 ரூபாய்க்குக் கிடைத்தது. உலகச் சந்தையில் எல்.இ.டி. சில்லுகளின் விலை அதே ஆண்டுகளில் வேகமாகச் சரிந்ததும் இதற்குத் துணை நின்றது. விலை வீழ்ச்சி முழுவதையும் கொள்முதல் முறைக்கே உரியதாக்குவது மிகை. அதன் பங்கை மறுப்பது குறை.

உஜாலாவின் வழியே சுமார் 36.8 கோடி விளக்குகள் வழங்கப்பட்டதாகவும், அவற்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,780 கோடி யூனிட் மிச்சமாவதாகவும் அரசு அறிவிப்புகள் கூறுகின்றன. ஆய்வாளர்கள் நின்று நோக்க வேண்டிய இடம் இது. இந்த மிச்சம் மீட்டரில் அளக்கப்பட்டதன்று; கணக்கிடப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு விளக்குக்கு ஆண்டுக்கு 130 யூனிட் வருகிறது. 60 வாட் பல்பின் இடத்தில் 9 வாட் விளக்கு வந்ததாகக் கொண்டால் குறைவது 51 வாட். 130 யூனிட் மிச்சமாக, ஒவ்வொரு விளக்கும் நாள்தோறும் ஏறத்தாழ 7 மணி நேரம் எரிய வேண்டும். பசத் லேம்ப் யோஜனாவுக்கு அடிப்படையான ஐ.நா. கணக்கீட்டு முறையோ நாளொன்றுக்கு 3.5 மணி நேரத்தையே பொது அளவாகக் கொண்டது. அதன்படி மிச்சம் 65 யூனிட், அதாவது பாதி. புதிய விளக்குகளுள் எத்தனை குண்டு பல்பின் இடத்தில் மாட்டப்பட்டன, எத்தனை சி.எஃப்.எல்.லின் இடத்தைப் பிடித்தன, எத்தனை முன்பு விளக்கே இல்லாத சமையலறையிலும் கொட்டகையிலும் புதிதாக எரிகின்றன என்பனவும் இந்தக் கூட்டுத்தொகைக்குள் மறைந்துள்ளன.

இவ்வினாக்கள் மாற்றத்தின் பயனை மறுப்பன அல்ல. பாதிக் கணக்கே உண்மையாயினும் மிச்சம் மிகப் பெரியது. ஆனால் மூன்றாவது வகை விளக்கு, அதாவது இருண்ட மூலையில் புதிதாக எரியும் விளக்கு, மின்சாரத்தை மிச்சப்படுத்தவில்லை. ஒருவரின் மாலையை நீட்டித்தது. கணக்கேட்டின் பார்வையில் அது இழப்பு. அவ்வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் படிக்கும் குழந்தைக்கும் அது ஆதாயம். மிச்சத்தை மட்டுமே அளக்கும் ஆவணங்களில் இந்த ஆதாயத்துக்கு ஒரு பத்தி கூட ஒதுக்கப்படவில்லை.

2021 மார்ச்சில் பீகாரின் ஆரா நகரில் கிராம் உஜாலா தொடங்கப்பட்டது. எரியும் நிலையிலுள்ள குண்டு பல்பைக் கொடுத்தால் 10 ரூபாய்க்கு எல்.இ.டி. விளக்கு; எஞ்சிய செலவுக்குக் கரிம வரவு. 2009இல் தொடங்கிப் பின்னர் முறிந்த அதே வழி மீண்டும் திறக்கப்பட்டது. கோடிக்கணக்கான விளக்குகள் விற்ற பின்னரும் 70 ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க இயலாத ஊரக வீடுகள் எஞ்சியிருந்தன என்பதற்கு இத்திட்டமே சான்று. குண்டு பல்பு கடைசிவரை தங்கிய வீடுகள் பழமையை விரும்பிய வீடுகள் அல்ல. முதல் விலையைக் கொடுக்க முடியாமல் இரண்டாம் விலையைக் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகள். சமையல் எரிவாயு, கூரைச் சூரிய மின்தகடு, மின்சார வண்டி என அடுத்தடுத்து வரும் மாற்றங்களை ஆராய்வோர் தொழில்நுட்பத்தின் திறனை அளப்பதற்கு முன்னரே, முதல் விலை யாருடைய தலையில் விழுகிறது என்று கேட்பது நலம்.