கூப்பன் காலத்துக் கலியாணச் சட்டை

இங்கிலாந்தில் வாழும் எங்கள் சபைக் குடும்பங்கள் பலவற்றில் கலியாணம் இரண்டு நாளாக நடக்கிறது. முதலில் பதிவு அலுவலகத்தில் எழுத்து. சில வாரமோ சில மாதமோ கழித்து ஆலயத்தில் ஆராதனையும் விருந்தும். ஆலயத்துக்கு வெள்ளைச் சேலையா, நீண்ட வெள்ளைக் கவுனா என்பதை எப்படியோ பேசி முடித்துவிடுகிறோம். எழுத்துக்கு என்ன உடுப்பது என்பதில்தான் இழுபறி. பத்துப் பேர் நிற்கப்போகும் அறைக்கு முழங்காலளவுக் கட்டைச் சட்டை போதும், விலையும் குறைவு என்கிறாள் மகள். “சனம் என்ன சொல்லும்?” என்கிறார் அம்மா. இந்த நாட்டின் சரித்திரத்தில் எத்தனையோ வீடுகள் இதே கேள்வியைக் கேட்டிருக்கின்றன. அவர்கள் கண்ட விடையை வாலிபரும் பெற்றோரும் சேர்ந்து அறிந்துகொள்வது நல்லது.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1753ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கலியாணம் செல்லுபடியாக வேண்டுமானால் அது அங்கிலிக்கன் ஆலயத்தில் நடக்க வேண்டும். குவேக்கர்களுக்கும் யூதருக்கும் மட்டுமே விலக்கு. 1814இல் மெதடிஸ்த மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். அவர்களை அனுப்பிய சபையாரோ தங்கள் சொந்த ஊரில் தங்கள் சொந்த ஆலயத்தில் சட்டப்படி மணமுடிக்க முடியாமல் இருந்தார்கள். பாப்டிஸ்து சபையாருக்கும் கத்தோலிக்கருக்கும் இதே நிலைதான். 1836ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. 1837 ஜூலை முதல் அவரவர் ஆலயத்தைப் பதிவு செய்து அங்கே மணமுடிக்கவும், விரும்பினால் பதிவு அலுவலகத்தில் மணமுடிக்கவும் வழி பிறந்தது. சிறுபான்மைச் சபையாரின் மனச்சாட்சிக்கு இடம் கொடுத்த அதே சட்டத்தில்தான் எழுத்தும் பிறந்தது.

ஆனாலும் பதிவு அலுவலகக் கலியாணத்தைப் பலர் இளக்காரமாகப் பார்த்தார்கள். தொடக்கத்தில் கலியாண அறிவிப்புகள் ஏழைகள் நிவாரணத்தைக் கவனிக்கும் சபையின் வாராந்தக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. 1856இல் அந்த முறை நீக்கப்பட்டது. “ஏழைகளின் கலியாணம்” என்ற பெயர் மட்டும் அவ்வளவு சுலபமாக நீங்கவில்லை.

நீண்ட வெள்ளைக் கவுனும் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதல்ல. 1840 பிப்ரவரி 10ஆம் திகதி விக்டோரியா அரசி வெள்ளைச் சாட்டின் உடுத்தி மணமுடித்த பிறகே அது பெரிய வீடுகளில் பரவியது. சாதாரணப் பெண்களோ அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீலமோ பழுப்போ, தங்களிடம் உள்ள நல்ல ஞாயிற்றுக்கிழமை உடுப்பையே கலியாணத்துக்கும் உடுத்தார்கள். ஒரே நாள் உடுத்திப் பெட்டியில் வைக்கும் உடுப்பு அவர்களுக்குக் கட்டாது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது வசதியுள்ளவர்களும் அந்த வழக்கத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 1941 ஜூன் 1, பெந்தெகொஸ்தே ஞாயிறு. அன்று காலை வானொலியில் உடுப்புப் பங்கீடு அறிவிக்கப்பட்டது. கூப்பன் என்றதும் எங்கள் பெரியவர்களுக்குக் கூப்பன் அரிசியும் சங்கக்கடையும் நினைவுக்கு வரும். இங்கே உடுப்புக்கே கூப்பன். தனிப் புத்தகம் அச்சிட்டு முடியாததால் முதலில் உணவுப் புத்தகத்தில் மிஞ்சியிருந்த மாஜரின் கூப்பன்களையே உடுப்புக்குப் பயன்படுத்தினார்கள்.

முதல் வருடத்துக்கு ஒருவருக்கு 66 கூப்பன். பின்னர் அதுவும் குறைந்தது. பருத்தி அல்லது ரேயோன் சட்டைக்கு 7, கம்பளிச் சட்டைக்கு 11, பெண்களின் சப்பாத்துக்கு 5, காலுறைக்கு 2. தைக்க நினைத்தால் ஒரு கெஜ அகலமுள்ள பருத்தித் துணி கெஜத்துக்கு 2 கூப்பன். ஆறு கெஜம் வெட்டினால் 12, மூன்று கெஜத்தில் முடித்தால் 6. சட்டை கட்டையாவதற்கு இந்தக் கணக்கே போதும்.

1942இல் அரசு இன்னும் ஒரு படி போனது. மடிப்பு எத்தனை, பொத்தான் எத்தனை, பை எத்தனை என்று வரையறுத்தது. விலைக்கட்டுப்பாட்டோடு வந்த ‘யூட்டிலிட்டி’ உடுப்புகளுக்கு விற்பனை வரியும் இல்லை. அவற்றின் மாதிரிகளை வரைந்தவர்களில் ஹார்டி ஏமிஸ், நார்மன் ஹார்ட்னல் போன்ற பெயர்பெற்ற கலைஞர்களும் இருந்தார்கள். மலிவான சட்டையும் அழகாகத் தைக்கப்படலாம் என்பதை அன்று கடைத்தெருவே கண்டது.

கலியாணப் பெண்கள் என்ன செய்தார்கள்? இரண்டு நாள் விடுமுறையில் வரும் போர்வீரனை மணக்க அவசரமாகப் பதிவு அலுவலகம் போனவர்கள் முழங்காலளவுச் சட்டையோ, பாவாடையும் கோட்டுமோ உடுத்து, மார்பில் ஒரு பூச்செண்டு குத்திக்கொண்டார்கள். தொப்பிக்குக் கூப்பன் தேவைப்படவில்லை. ஆகவே அலங்காரம் முழுவதும் தலைக்குப் போனது! அடுத்த வாரம் அதே உடுப்போடு வேலைக்கும் ஆலயத்துக்கும் போகலாம். நீண்ட வெள்ளைக் கவுன் வேண்டியவர்கள் இரவல் வாங்கினார்கள். ஒரே கவுன் அக்காவிடமிருந்து தங்கைக்கும், தங்கையிடமிருந்து தோழிக்கும் கைமாறியது. பழைய உடுப்பு வாங்கவும் கூப்பன் வேண்டியதில்லை. கேக்குக்கு ஐசிங் தடை வந்ததால், சிறிய கேக்கின் மேல் அட்டையால் செய்த வெள்ளைக் கேக் மூடி வைக்கப்பட்டது. எல்லாருக்கும் அது அட்டை என்று தெரியும். யாரும் அதைக் குறையாக எண்ணவில்லை.

1947 நவம்பர் 20இல் இளவரசி எலிசபெத் மணமுடித்தபோதும் பங்கீடு நீங்கவில்லை. நார்மன் ஹார்ட்னல் வரைந்த அந்த ஆடை ஆடம்பரமானதுதான். ஆனாலும் அதன் துணிக்குக் கூப்பன் கொடுக்கவேண்டியிருந்தது. பொதுமக்கள் பலர் தங்கள் கூப்பன்களை அவருக்கு அனுப்பினார்கள். ஒருவருடைய கூப்பனை மற்றவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. உடுப்புப் பங்கீடு 1949 மார்ச்சில்தான் முடிந்தது.

இன்று நமக்குக் கூப்பன் இல்லை. கடன் அட்டை இருக்கிறது. கூப்பன் தீர்ந்தால் அன்று கடைக்காரர் நிறுத்தினார். இன்று நிறுத்த யாரும் இல்லை. எழுத்துக்கு ஒரு உடுப்பு, ஆலயத்துக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று என்று வாங்கிவிட்டு, புதுக் குடித்தனத்தின் முதல் வருடத்தைக் கடன் கட்டுவதிலேயே கழிக்கும் பிள்ளைகளை நாங்கள் அறிவோம். அந்தச் சுமையை அவர்கள் தோளில் ஏற்றுவது பெரும்பாலும் அவர்களுடைய ஆசையல்ல, எங்களுடைய பயம்.

பதிவு அலுவலகத்தில் சட்டம் கேட்பது குறித்த சில சொற்களையும் இரண்டு சாட்சிகளையும்தான். உடுப்பின் நிறமோ நீளமோ அதில் இல்லை. ஆகவே வாலிபரே, கலியாணக் கடைக்குப் போகுமுன் சாதாரணக் கடையில் முழங்காலளவு வெள்ளை அல்லது வெளிர்நிறச் சட்டை தேடுங்கள். ‘கலியாண’ என்ற சொல் சேர்ந்தாலே விலை ஏறிவிடுகிறது. தர்மக் கடைகளையும் பாருங்கள். சிலவற்றில் கலியாண உடுப்புக்கென்றே தனிப் பகுதி உண்டு. மச்சாளிடமோ சித்தியிடமோ இரவல் கேட்க வெட்கப்பட வேண்டாம். உயிர்த்த ஞாயிறன்றும் நத்தார் அன்றும் மறுபடி உடுக்கலாமா என்று யோசித்து வாங்குங்கள்.

பெற்றோரே, மகள் கட்டைச் சட்டையோடு வந்தால் தையலைப் பாருங்கள், அளவைப் பாருங்கள், விலையைக் கேளுங்கள். சனம் என்ன சொல்லும் என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படிச் சட்டை உடுத்து மணமுடித்த பாட்டிமாரின் படங்கள் இந்த நாட்டில் எத்தனையோ வீட்டு வரவேற்பறையில் இன்றும் பெருமையோடு மாட்டப்பட்டிருக்கின்றன.